பதிவில் ஏறிய செருமல்

நான் நீதித்துறைக்கு வந்தது நீதிக்காக இல்லை, முழங்காலுக்காக. நேர்முகத் தேர்வில் கேட்டபோது நீதிக்காக என்றுதான் சொன்னேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் நம்பியது மாதிரி தலையாட்டினார்கள். அவர்களுக்கும் முழங்கால் வலி இருந்திருக்கும். குற்றவியல் வக்கீலாகப் பாதி ஆயுளை நின்றே கழித்தவன் நான். சாட்சி கூண்டில் சாய்ந்துகொள்ளலாம், குற்றம் சாட்டப்பட்டவன்கூடக் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம், வக்கீல் மட்டும் கால் கடுக்க நிற்க வேண்டும். எதிரே உயரத்தில், கைவைத்து முதுகு சாய்த்துக்கொள்ளும்படி ஒரு நாற்காலி இருக்கும். வருஷக்கணக்காக அதையே பார்த்து வாதாடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? விண்ணப்பித்தேன். எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டாரோ, மாஜிஸ்திரேட் ஆகிவிட்டேன்.

என் மனைவி காது, மூக்கு, தொண்டை டாக்டர். உத்தரவு வந்த அன்று அவள் சொன்ன வாழ்த்து இதுதான்: "இனிமேலாவது மத்தவங்க பேசுறதைக் காது குடுத்துக் கேளுங்க."

முதல் நாளே மானம் போனது. டவாலி "எல்லாரும் எழுந்திருங்க" என்று குரல் கொடுத்தார். நான் என் அறையிலிருந்து வந்து படியேறி, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு, நீதிபதி வரட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். கோர்ட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து டவாலி காதருகே வந்து, "ஐயா, நீங்கதான்" என்றார்.

அதே வாரத்தில் அரசு வக்கீல் ஒரு சாட்சியிடம் ஏடாகூடமாக ஏதோ கேட்க, நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து "ஆட்சேபணை!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, "ஆட்சேபணை ஏற்கப்படுகிறது" என்றேன். என்னுடைய வக்கீல் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் வென்ற ஆட்சேபணை வேறு இல்லை. இன்னொரு நாள் ஜாமீன் உத்தரவைச் சொல்லும்போது, "என் கட்சிக்காரர் தலைமறைவாக மாட்டார் என்பதால்" என்று வாய் தவறிவிட்டது. அரசு வக்கீல் மெல்ல எழுந்து, "ஐயாவோட கட்சிக்காரர்னா வக்காலத்தைத் தாக்கல் பண்ணிடுங்க" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இந்த அரசு வக்கீல் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். என் வக்கீல் காலம் முழுவதும் எனக்கு எதிரே நின்றவர். என் வித்தைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதில் தலையாய வித்தை என் செருமல்.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வக்கீல் தொழிலில் எனக்கு இருந்தது ஒரே ஒரு விதி: கட்சிக்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்கவே கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு "என் கட்சிக்காரர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை" என்று அடித்தொண்டையிலிருந்து பேச வராது, குரல் கம்மிவிடும். எதிர்த்தரப்பால் என்ன நிரூபிக்க முடியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் கட்சிக்காரர்கள் மனுஷர்கள் ஆயிற்றே. நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஐயா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். உடனே நான் செருமுவேன். பெரிய சத்தம் இல்லை, தொண்டைக்குள் சின்னதாக ஓர் உறுமல். வாயை மூடு என்று அர்த்தம். கோர்ட்டில் அவர்கள் கூண்டில் நின்று உளற ஆரம்பித்தாலும் அதே செருமல்தான். நாளடைவில் ஊரில் உள்ள பிக்பாக்கெட் முதல் போலிப் பத்திரக்காரர் வரை அத்தனை பேருக்கும் அது தெரிந்துபோனது. எனக்குச் 'செருமல் வக்கீல்' என்றே பெயர். மாஜிஸ்திரேட் ஆனதும் பதவி உயர்வு கொடுத்து 'செருமல் ஐயா' ஆக்கினார்கள்.

என்னிடம் இருந்த ஜூனியர் பெண் கெட்டிக்காரி. சட்டத்தைக் கல்லூரியிலும் செருமலை என்னிடமும் கற்றவள். என்னுடையதைவிட அவளுடையது நயமாக இருக்கும், கைக்குட்டையை வாயில் வைத்து மரியாதையாகச் செருமுவாள். நான் மேலே ஏறியதும் என் அலமாரி, என் மேஜை, என் விதி மூன்றையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் என் கோர்ட்டில் முதல்முதலாக நடத்திய வழக்கு ஒரு கார் டிரைவருடையது. என் பழைய ஜூனியர் என் முன்னால் வாதாடுவதில் ஆட்சேபம் உண்டா என்று அரசு வக்கீலைக் கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஐயா இன்னும் ரெண்டு மடங்கு கண்டிப்பா இருப்பீங்க" என்றார். படுபாவி, என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார்.

வழக்கு இதுதான். டைல்ஸ் கடை முதலாளி ஒருவரிடம் வேலை பார்த்த டிரைவர். ஆள் நல்ல உயரம், நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு விடுமுறை நாள் மாலை முதலாளி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ராத்திரியே முதலாளி போலீசுக்குப் போக, கார் ஒரு விளையாட்டு மைதானத்துச் சுவர் ஓரமாக முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. திருட்டு வழக்கு. தீர்ப்பு பாதகமானால் சிறை. அதைவிடப் பெரிய கேடு, கார் திருடிய டிரைவர் என்று பெயர் எடுத்தவன் கையில் இந்த ஊரில் யாரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவருடைய மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். குள்ளமான பெண். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது.

முதலாளி வீட்டு வாசல் கேமராவில் ஓர் ஆள் காரை எடுப்பது பதிவாகியிருந்தது. முகம் தெரியவில்லை, தொப்பி மறைத்தது. உயரமான ஆள். ஏறுவதற்கு முன் சட்டைக் கையால் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். "அது என் கட்சிக்காரர் இல்லை" என்றாள் ஜூனியர். என்னுடைய பழைய வாதம், வார்த்தை பிசகாமல். அதற்கு மேல் ஒரு துருப்புச் சீட்டும் வைத்திருந்தாள். காரைக் கைப்பற்றிய சப்-இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்தாள். அவர் தொப்பையும் தொந்தியுமாகக் கூண்டு முழுக்க நிறைந்திருந்தார்.

"வண்டியை ஸ்டேஷனுக்கு யார் ஓட்டிட்டு வந்தது?"

"நான்தாம்மா."

"ஏறி உட்கார்ந்ததும் சீட்டை என்ன பண்ணினீங்க?"

அவர் முழித்தார். "பின்னாடி தள்ளினேன்."

"ஏன்?"

"ஸ்டியரிங் வயித்துல குத்துச்சு."

"சீட்டு அவ்வளவு முன்னாடி இழுத்திருந்துச்சா?"

"கடைசி வரைக்கும் இழுத்திருந்துச்சுங்க. ஒரு குழந்தைதான் உட்காரலாம்."

ஜூனியர் கையைத் திருப்பி நெட்டையைக் காட்டினாள். கூண்டில் நின்ற அந்த மனிதரின் முழங்காலைப் பார்த்தாலே போதும், அந்த சீட்டில் அவரை உட்காரவைக்க வேண்டுமானால் மடித்துத்தான் வைக்க வேண்டும். நல்ல கேள்வி. வக்கீலாக இருந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. நெட்டை கூண்டில் ஏறும்போதெல்லாம், கம்பியில் கைவைப்பதற்கு முன் சட்டைக் கையால் அதை ஒரு துடை துடைப்பார். கேமராவில் இருந்த ஆள் அவர்தான், சந்தேகமே இல்லை. அப்படியானால் ஜூனியர் சொல்வது பொய். பொய் சொல்கிற தரப்பு குற்றம் செய்த தரப்பு. சீட்டு ஏன் முன்னால் இருந்தது? யாருக்குத் தெரியும், வேண்டுமென்றே இழுத்துவைத்திருப்பான். தண்டித்துவிடலாம் என்று முடிவுக்கே வந்துவிட்டேன். இன்னொன்றும் இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். 'செருமல் ஐயா கோர்ட்டில் எல்லாரும் விடுதலைதான்' என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அந்த வாய்களை அடைக்க எனக்கு ஒரு தண்டனை தேவையாக இருந்தது. சொந்த ஜூனியரின் கட்சிக்காரனையே உள்ளே தள்ளினான் என்று பெயர் வந்தால் எவ்வளவு கௌரவம்!

சாட்சிகள் எல்லாம் முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவரை நான் நேரடியாகக் கேட்க வேண்டிய கட்டம் வந்தது. சட்டப்படி கேட்டே ஆக வேண்டும். வாழ்க்கையில் கேட்கக் கூடாது என்று நான் பயந்து ஒதுக்கிய அதே கேள்வி.

எங்கள் கோர்ட்டுக்குப் பக்கத்தில் அப்போது புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்து ஊற்றும், திறந்தால் சிமெண்ட் தூசு. நாங்கள் திறந்துவைத்திருந்தோம். வழக்குக் கட்டுகள் எல்லாம் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"உங்களுக்கு எதிரா சாட்சிங்க சொன்னதைக் கேட்டீங்க இல்லையா? நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

நெட்டை திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கம்பியை இன்னொரு தடவை துடைத்தார்.

"ஐயா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

வெளியே எந்திரம் சுவரைத் துளைக்க ஆரம்பித்தது. ஒரு மேகம் தூசு உள்ளே வந்தது. நான் செருமினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், தூசுதான். ஆனால் நெட்டை டப்பென்று வாயை மூடிக்கொண்டார். ஜூனியரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், பழைய சீனியர் கைவிடவில்லை என்று. அரசு வக்கீல் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். அவர் கண்ணாடியைத் தேடாமலே கண்டுபிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஐயா மன்னிக்கணும். இப்ப ஐயா செருமினதைப் பதிவு செய்யணும்னு கேட்டுக்கறேன்."

"எதுக்கு?"

"அது வெறும் செருமல் இல்லைங்கிறது என் தரப்பு."

ஜூனியர் துள்ளி எழுந்தாள். "ஆட்சேபணை! செருமல்ல வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாததுக்கு அர்த்தம் கற்பிக்க முடியாது."

"அர்த்தம் இல்லையா? அந்தச் செருமலால நான் தோத்த கேசுங்களைக் கேட்டுப் பாருங்க" என்றார் அரசு வக்கீல். அவர் குரலில் பல வருஷத்து வேதனை இருந்தது.

டைப்பிஸ்ட் அம்மா விரல்களைச் சாவிகள்மேல் வைத்தபடி கேட்டார். "ஐயா, இருமல்னு போடவா, செருமல்னு போடவா?"

"தூசும்மா, தூசு" என்றேன்.

"தூசுன்னு போட்டுடவா?"

கடைசியில் நானே சொல்லி எழுதவைத்தேன்: 'இந்த இடத்தில் நீதிபதி செருமினார். காரணம் தூசு என்று நீதிபதி கூறுகிறார்.' அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். "கூறுகிறார்னு இருக்கு இல்ல, அது போதும் எனக்கு" என்றார். எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தைக் கிழித்தவன் நான். என் சொந்த வாக்குமூலம் அவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நெட்டையிடம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்ல விரும்பலையா?"

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "ஐயாதானே சொல்ல வேண்டாம்னீங்க?"

கோர்ட் கொல்லென்று சிரித்தது. எனக்கு வேர்த்தது. வழக்கை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஆளிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. அது அவரைக் காப்பாற்றுமோ, கவிழ்க்குமோ, தெரியாது. அவருடைய வக்கீலுக்கும் தெரியாது. அது என் விதியின் பெருமை. நாளைக்கு நான் மறுபடியும் செருமித் தொலைத்தால் அது அவருடைய நெஞ்சோடு சிறைக்குப் போய்விடும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி டார்ச் அடித்து என் தொண்டையைப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் செருமல் வருது?"

"தூசுக்கு வருது சரி. எனக்கு ஏன் வருது? கல்யாணம் ஆனதிலேருந்து பாக்கிறேன், ஏதாவது முக்கியமா சொல்லலாம்னு வாயெடுத்தா போதும், உங்க தொண்டையில வண்டி ஸ்டார்ட் ஆயிடுது."

நான் செருமினேன். அவள் டார்ச்சை அணைத்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள். பிறகு டாக்டராக மாறி, மிட்டாய் மாதிரி சில மாத்திரைகளைக் கொடுத்தாள். "நமநமன்னு வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எச்சிலை முழுங்குங்க. கண்ணுல தண்ணி வரும், பரவாயில்ல. செத்துப்போக மாட்டீங்க."

மறுநாள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நெட்டை கம்பியைத் துடைத்துவிட்டு நின்றார். கடைசி பெஞ்சில் அவர் மனைவி. பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. வராந்தாவில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் என் பழைய கட்சிக்காரர்கள் எல்லாம் வேலைவெட்டியை விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார்கள். நான் செருமுவேனா மாட்டேனா என்று பார்க்கத்தான்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நான் செருமினா அது தூசு. வேற எதுவும் இல்லை. உங்களுக்குச் சொல்ல இஷ்டம் இருந்தா சொல்லலாம், இல்லைன்னா விடலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

கேட்டுவிட்டேன். அத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்த கேள்வி வெளியே வந்ததும் தொண்டைக்கே ஆச்சரியமாக இருந்ததோ என்னவோ, உடனே நமநமவென்றது. வெளியே எந்திரம் தன் வேலையை ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்தேன். எச்சிலை முழுங்கினேன். மாத்திரையும் சேர்ந்து போய்விட்டது. முகம் சிவந்தது, நெஞ்சு குலுங்கியது, கண்ணீர் மளமளவென்று கன்னத்தில் வழிந்தது. நான் செருமவில்லை.

நெட்டை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்காக நீங்க அழாதீங்கய்யா" என்றார். "வண்டியை நான்தான் எடுத்தேன்."

ஜூனியர் கைக்குட்டையை வாயில் வைத்துச் செருமினாள். அப்பப்பா, என்ன பக்குவம்! நெட்டை சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார். அந்தச் சமயத்தில்தான் கடைசி பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த பெண் கீழே குதித்து எழுந்தார்.

"எடுத்தது அவருங்க. இடிச்சது நானுங்க! வண்டியை ஓட்டினது நான்!"

ஜூனியர் இன்னும் பலமாகச் செருமினாள். அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவர் ஜூனியரைப் பார்த்துப் பரிதாபமாக, "கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

நான் மூச்சை விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அம்மா, அங்கேருந்து பேசக் கூடாது. சாட்சியா வந்து கூண்டுல நின்னு சொல்லணும். ஆனா ஒண்ணு, லைசென்ஸ் இல்லாம ஓட்டியிருந்தா அது உங்களுக்கே ஆபத்து. உங்களைச் சிக்கவைக்கிற கேள்விக்கு நீங்க பதில் சொல்லத் தேவையில்லை. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தாங்க தூக்கம் போச்சு" என்றார் அவர்.

ஜூனியரைக் கேட்டேன். "உங்க கட்சிக்காரர்கிட்ட என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்லைங்க ஐயா. கேக்கவே கூடாதுன்னு என் சீனியர் சொல்லியிருக்கார்."

அந்த சீனியர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டைப்பிஸ்ட் அம்மா அதையும் அடித்திருப்பார்.

அந்தப் பெண் கூண்டில் ஏறினார். தலை மட்டும்தான் தெரிந்தது. சொன்னது இதுதான். பெண்கள் ஓட்டும் டாக்ஸி கம்பெனி ஒன்று ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறது. ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பம் இழுபறியாக இருந்ததால் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. கணவர் மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மனைவிக்குக் கால் எட்டுவதற்காக சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் போயிருக்கிறது, சுவர் வரும் வரை. கூட்டம் கூடவும் பயந்துபோய் அவர் அழ, நெட்டை அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்து முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார். அதற்குள் போலீஸ். பெண்டாட்டி பெயர் வெளியே வந்தால் அவளையும் கூண்டில் ஏற்றுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

"அவரு உள்ள போயிட்டா நான் வெளியில இருந்து என்னங்க பண்றது?" என்றார் அந்தப் பெண். அப்போது மட்டும் குரல் உடைந்தது. நான் இன்னொரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அரசு வக்கீல் விடுவாரா? புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்று நிரூபிக்க எழுந்தார்.

"ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்றீங்களே, க்ளட்ச் எந்தக் கால்ல மிதிக்கணும்?"

"இடது கால்லங்க."

"பிரேக்?"

"வலது கால்ல."

"இவ்வளவு சரியா தெரிஞ்சவங்க எப்படி இடிச்சீங்க?"

"சுவரு வந்ததும் அவரு 'மிதி மிதி'ன்னு கத்தினாரு. எதைன்னு சொல்லலைங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அரசு வக்கீல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் இதுதான் கதி. டைல்ஸ் கடை முதலாளி மட்டும் எழுந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார்.

"சிரிப்பீங்கன்னுதாங்க கேக்கல" என்றார் நெட்டை.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

தீர்ப்பைச் சொல்வதற்குள் பக்கத்துக் கட்டட வேலை முடிந்து, வண்ணம் அடித்து, எந்திரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஜன்னல்களுக்கும் புதுக் கண்ணாடி போட்டு, மேலே ஏசி ஒன்றையும் மாட்டினார்கள். கோர்ட் பளிச்சென்று இருந்தது. கட்டுகளைத் தட்டினால்கூட ஒன்றும் பறக்கவில்லை.

கேமராவில் இருந்தது நெட்டைதான், சீட்டை முன்னால் இழுத்ததும் அவர்தான், ஆனால் காரை அபகரிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று எழுதியிருந்தேன். ஜூனியரும் அரசு வக்கீலும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியதையும், மீதியைக் கேட்க ஆள் இல்லாமல் போனதையும் ஒரு பத்தியில் சேர்த்திருந்தேன். நான் தயாராக வைத்திருந்த தண்டனையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தை இல்லை. திருட்டுக் குற்றத்திலிருந்து விடுதலை. அந்தப் பெண்ணைப் பார்த்து, முதலில் லைசென்ஸ் எடுக்கச் சொன்னேன். "டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேங்க. அங்க எதை மிதிக்கணும்னு சொல்றாங்க" என்றார். முதலாளி அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடும்படி நெட்டையிடம் வராந்தாவில் சொன்னதாக டவாலி என்னிடம் சொல்லியிருந்தார்.

நெட்டை கூண்டிலிருந்து இறங்கினார். கம்பியைக் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டு, கதவு வரை போனவர் நின்றார். திரும்பினார். கண் கலங்கியிருந்தது. தனக்காக அழுத நீதிபதியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்ற நன்றி அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது.

"ஐயா, நீங்க கேட்டதால சொல்றேன். ஐயாகிட்ட முழு உண்மையையும் சொல்லிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். அன்னைக்கு மட்டும் இல்லைங்க, அதுக்கு முன்னாடியும் முதலாளி வண்டியை நாங்க..."

முதலாளி காதைத் தீட்டினார். அரசு வக்கீலின் கை கண்ணாடிக்குப் போனது. ஜூனியர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள், கிடைக்கவில்லை.

நான் செருமினேன்.

நெட்டை வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் சாவிகள்மேல் தயாராக நின்றன. அவர் என்னைப் பார்க்கவில்லை, அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார், புதுக் கண்ணாடியைப் பார்த்தார், துடைத்துவைத்த மாதிரி இருந்த என் மேஜையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தூசும்மா" என்றார். "தூசுன்னே போட்டுடுங்க."